உயிர்த்தெழுதலின் பண்டிகைக்கு முன்னான உபவாசம்: அதன் தொடக்கமும் துணையும்

சாம்பற் புதன் நெருங்குந்தோறும் குருமாரிடம் வந்துசேரும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே வகையின. ஞாயிற்றுக்கிழமைகளையும் நாற்பதில் சேர்த்து எண்ணவேண்டுமா? மீன் உண்ணலாமா? மாலை எத்தனை மணிக்கு உபவாசத்தை முடிக்கலாம்? பெண்ணுக்கு வரன் கூடிவந்திருக்கிறது, லெந்து நாட்களில் நிச்சயம் செய்தால் குற்றமாகுமா? வகுப்பறையிலோ கேள்வி வேறு திசையிலிருந்து வருகிறது. இதற்கு வேதாகமத்தில் கட்டளை எங்கே? கட்டளை இல்லையெனில் சபைக்கு ஏன் இதைப் போதிக்கவேண்டும்? முந்தின கேள்விகளைக் கேட்பவர் உபவாசிப்பவர். பிந்தினதைக் கேட்பவர் பெரும்பாலும் உபவாசியாதவர். ஆயினும் இருவரும் நாளையும் உணவையும் பற்றியே பேசுகின்றனர். ஆதிச் சபையின் ஏடுகளைப் புரட்டினால், இவ்விரண்டுக்கும் முன்பாக மற்றொரு கேள்வி அங்கே நிற்பதைக் காண்கிறோம். யாரோடு சேர்ந்து உபவாசிக்கிறோம், யாருக்காக உபவாசிக்கிறோம் என்பதே அது. அக்கேள்வி எவ்வாறு எழுந்தது, பின்னர் எவ்வாறு மறைந்தது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ‘லெந்து’ என்பது பழைய ஆங்கிலத்தில் வசந்தகாலத்தைக் குறித்த சொல்லின் வழிவந்தது. பகற்பொழுது நீளுகிற காலம் என்பது அதன் அடிப்பொருள் என்பர். குளிர்நாட்டார் தம் பருவத்துக்கு இட்ட பெயரை நாம் மாசி, பங்குனி வெயிலில் வழங்கிவருகிறோம். கிரேக்கரும் லத்தீனரும் நாற்பது என்ற எண்ணைக்கொண்டே இக்காலத்தை அழைத்தனர். தமிழில் வழங்கும் ‘தபசுகாலம்’ என்பது பருவத்தையும் எண்ணையும் விட்டுச் செயலைச் சொல்வதால், நமக்கு அதுவே சிறந்த பெயராகத் தோன்றுகிறது.

திருமறையைப் பொறுத்தவரை மாணவரின் கேள்வி நியாயமானதே. மலைப்பிரசங்கத்தில் கர்த்தர் தம் சீஷர் உபவாசிப்பர் என்று கொண்டு, அதை மனுஷர் காணாதபடி செய்யவே போதித்தார் (மத்தேயு 6:16-18). மணவாளன் எடுக்கப்படும் நாட்களைப் பற்றிய வாக்கும் (மாற்கு 2:20) எத்தனை நாள் என்று சொல்லவில்லை. அந்தியோகியாச் சபை பர்னபாவையும் சவுலையும் அனுப்புமுன் உபவாசித்தது (அப்போஸ்தலர் 13:2,3). சபைகளில் மூப்பரை ஏற்படுத்தியபோதும் உபவாசம் இருந்தது (14:23). இவ்விரண்டும் மற்றொருவர்மேல் வைக்கப்பட்ட பாரத்தைச் சபை தானும் சேர்ந்து சுமந்த உபவாசங்கள். பஸ்கா பண்டிகைக்கு முன் இத்தனை நாள் என்ற விதி எங்கும் இல்லை. நம் ஆண்டவர் வனாந்தரத்தில் கழித்த நாற்பது நாள் அவருடைய ஞானஸ்நானத்துக்குப் பின் வந்தது. திருச்சபையின் நாற்பது நாளோ ஞானஸ்நானத்துக்கு முன் வந்தது. இந்த முன்பின் மாற்றத்தைக் கருத்திற்கொண்டு, எகிப்தில் எப்பிபானியா பண்டிகையை அடுத்து வந்த ஒரு நாற்பது நாள் உபவாசமே பிற்பாடு பஸ்காவுக்கு முன் நகர்த்தப்பட்டது என்று தாமஸ் டாலி 1986இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். அவர் ஆதாரமாகக் கொண்ட எகிப்திய ஏடுகளிற் பல மிகப் பிற்பட்டவை. ஆகவே அறிஞர் அனைவரும் அதை ஏற்கவில்லை.

பிலொதேயு பிரியென்னியோ என்பவர் 1873இல் கொன்ஸ்தாந்தினோப்பிளில் ஒரு கையெழுத்துப் பிரதியில் கண்டெடுத்து, 1883இல் அச்சிட்ட ‘திதாகே’ என்னும் சிறுநூலை நம் மாணவர் அறிவர். அதன் எட்டாம் அதிகாரம் புதன், வெள்ளி ஆகிய வாராந்தர உபவாச நாட்களைக் குறிப்பதால் பலரும் அதையே எடுத்துக்காட்டுவர். நம் பொருளுக்கு ஏழாம் அதிகாரமே முக்கியமானது. ஞானஸ்நானத்துக்கு முன் அதைக் கொடுப்பவரும், பெறுபவரும், கூடுமான மற்றவர்களும் உபவாசிக்கவேண்டும் என்று அது கூறுகிறது. பெறுபவர் ஒன்றிரண்டு நாட்களுக்கு முன்னரே உபவாசிக்கும்படி அவருக்குச் சொல்லவேண்டும். கி.பி. 155ஐ ஒட்டி யுஸ்தீன் தம் முதலாம் எதிருரையில் தரும் விவரமும் இதற்கு ஒத்திருக்கிறது. விசுவாசத்துக்கு வருகிறவர் முந்தின பாவங்களின் மன்னிப்புக்காக ஜெபித்து உபவாசிக்கிறார். தாங்களும் அவரோடு ஜெபித்து உபவாசிப்பதாக அவர் எழுதுகிறார். ஆயத்த உபவாசத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சாட்சியங்களில், உபவாசிப்பவர் தனியாள் அல்லர்.

பஸ்காவுக்கு முன்னான உபவாசம் முதலில் தெளிவாகத் தோன்றுவது ஒரு சண்டையின் நடுவில். கி.பி. 190ஐ ஒட்டி, பஸ்காவை எந்நாளில் கொண்டாடுவது என்பதில் ரோமாபுரி அத்தியட்சரான விக்டர் ஆசியச் சபைகளை ஐக்கியத்திலிருந்து விலக்க முனைந்தபோது, லியோன் நகர அத்தியட்சரான இரேனேயு அவருக்கு எழுதிய கடிதத்தை எயுசேபியு காத்துவைத்திருக்கிறார். வேறுபாடு நாளைப் பற்றியது மட்டுமன்று, உபவாசத்தைப் பற்றியதுங்கூட என்று இரேனேயு நினைவூட்டுகிறார். சிலர் ஒரு நாளும், சிலர் இரண்டு நாளும், சிலர் அதற்கு மேலும் உபவாசித்தனர். வேறு சிலர் இரவும் பகலுமாக நாற்பது மணி நேரத்தைத் தம் ‘நாளாக’ எண்ணினர். இவ்வேறுபாடு தம் காலத்தில் தோன்றியதன்று, முன்னோர் காலத்திலேயே இருந்தது என்றும், அவர்கள் அதனால் சமாதானத்தை இழக்கவில்லை என்றும், உபவாசத்தில் வேற்றுமை இருப்பது விசுவாசத்தின் ஒற்றுமையை உறுதிப்படுத்துகிறது என்றும் அவர் எழுதினார். இருநூறாண்டுகளுக்குப் பின் ரூஃபீனு இந்நூலை லத்தீனில் பெயர்த்தபோது வாக்கியத்தைப் பிரித்த விதத்தால், நாற்பது மணி நேரம் நாற்பது நாளாக வாசிக்க இடமாயிற்று. தம் காலத்து வழக்கத்தை முன்னோர் ஏட்டில் காண விரும்பும் கண்ணுக்கு ஒரு நிறுத்தற்குறி போதும்!

மூன்றாம் நூற்றாண்டில் உபவாசம் ஒரு வாரமாக நீண்டது. சீரியாவில் எழுந்த ‘தீதஸ்கலியா’ என்னும் ஒழுங்குநூல், திங்கள் முதல் வியாழன் வரை ஒன்பதாம் மணி நேரத்தில் அப்பமும் உப்பும் தண்ணீரும் மட்டும் கொள்ளவும், வெள்ளியும் சனியும் ஒன்றும் உண்ணாதிருக்கவும் சொல்கிறது. அலெக்சந்திரியாவின் அத்தியட்சரான தியொனீசியு, பசிலீதேசுக்கு எழுதிய கடிதத்தில், ஆறு நாளையும் எல்லாரும் ஒன்றுபோல் கழிப்பதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். சிலர் முழுவதும், சிலர் இரண்டு, மூன்று, நான்கு நாள், சிலர் ஒருநாளும் இல்லை. இதே காலத்தில் பஸ்கா ஞானஸ்நானத்துக்குரிய சிறந்த நாளாகவும் ஆயிற்று. கார்த்தேஜின் தெர்த்துல்லியன் ஞானஸ்நானத்தைப் பற்றிய தம் நூலில் பஸ்காவையே அதற்கு முதன்மையான நாளாகக் குறித்து, பெறவிருப்போர் ஜெபத்தாலும் உபவாசத்தாலும் இராவிழிப்பாலும் ஆயத்தப்படவேண்டும் என்கிறார். புதியவரோடு சபை உபவாசித்ததும், மணவாளன் எடுக்கப்பட்ட நாட்களுக்காக உபவாசித்ததும் இவ்வாறு ஒரே வாரத்தில் வந்து கலந்தன.

மற்றொரு துணையையும் இங்கே சொல்லவேண்டும். ‘எர்மாவின் மேய்ப்பன்’ என்னும் இரண்டாம் நூற்றாண்டு நூலில், உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டுமே கொண்டு, அன்று உண்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு, அத்தொகையை விதவைக்கோ திக்கற்றவருக்கோ வறியவருக்கோ கொடுக்கும்படி மேய்ப்பன் எர்மாவுக்குச் சொல்கிறார். கணக்கிட்டு என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். மனமிரங்கி ஏதோ கொடுப்பதன்று. மிச்சமானது எவ்வளவோ அவ்வளவு. அரிஸ்தீது என்பவரின் எதிருரை, 1889இல் சீனாய் மலை மடத்தில் ரெண்டல் ஹாரிஸ் கண்ட சீரியப் பிரதியின்படி, இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கிறிஸ்தவர் நடுவில் ஒருவர் குறைவுபட்டு, மற்றவரிடமும் மிகுதி இல்லையெனில், அவருடைய தேவையை நிறைவாக்க அவர்கள் இரண்டு மூன்று நாள் உபவாசிக்கின்றனர் என்று அது பேரரசருக்கு அறிவிக்கிறது. கொடுக்க ஒன்றும் இல்லாதவனும் தன் பசியைக் கொடுக்கிறான். விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டவர்களைக் குறித்துத் தீதஸ்கலியாவும் அவ்வாறே சொல்கிறது: கையில் ஒன்றும் இல்லாதவர் அன்று உபவாசித்து, அதனால் மிஞ்சியதைப் பரிசுத்தவான்களுக்கென்று எடுத்துவைக்கவேண்டும். ஏசாயா 58ஆம் அதிகாரத்தைப் பற்றி நாம் செய்யும் பிரசங்கங்களில் இவ்வளவு கணக்குச் சுத்தம் அரிதாகவே காணப்படுகிறது.

நாற்பது என்ற எண் திருச்சபை முழுவதற்கும் பொதுவாக முதலில் காணப்படுவது கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதியில். அந்த விதி உபவாசத்தைப் பற்றியதன்று என்பது வியப்புக்குரியது. ஓர் அத்தியட்சர் தம் மனக்கசப்பினாலோ பிடிவாதத்தினாலோ ஒருவரை ஐக்கியத்திலிருந்து விலக்கியிருக்கக்கூடும். அதை விசாரிக்க ஒவ்வொரு மாகாணத்திலும் ஆண்டுக்கு இருமுறை சங்கம் கூடவேண்டும். எல்லாக் கசப்பும் நீங்கிச் சுத்தமான காணிக்கை தேவனுக்குச் செலுத்தப்படும்படி, ஒரு சங்கம் நாற்பதுக்கு முன் கூடவேண்டும். அத்தியட்சர் முதலில் தம் தீர்ப்பை மறுவிசாரணைக்கு உட்படுத்தவேண்டும். அதன்பின் நாற்பது தொடங்கலாம். நாற்பது என்றால் என்ன என்று சங்கம் விளக்காததால், அது ஏற்கெனவே பல இடங்களில் அறியப்பட்டிருந்தது எனலாம்.

எகிப்தில் அது மெதுவாகவே வேரூன்றிற்று. அத்தனாசியு தம் சபைகளுக்கு ஆண்டுதோறும் அனுப்பிய பண்டிகைக் கடிதங்களில், 329ஆம் ஆண்டுக்குரியது ஒரு வார உபவாசம் தொடங்கும் நாளையே அறிவிக்கிறது. பின்வந்தவை நாற்பது நாளை அறிவிக்கின்றன. 340ஐ ஒட்டி, நாடு கடத்தப்பட்டு ரோமாபுரியில் இருந்தபோது, தும்யு நகரத்துச் செராபியோனுக்கு அவர் எழுதிய கடிதத்தில், உலகமெல்லாம் உபவாசிக்கையில் எகிப்தியர் மட்டும் உபவாசியாதிருந்து நகைப்புக்கு இடமாகக்கூடாது என்று வற்புறுத்துகிறார். மாபெரும் வேதசாஸ்திரியின் வாயில் இக்காரணம் சற்று மெலிந்ததாகவே ஒலிக்கிறது. நாலுபேர் என்ன சொல்வார்கள் என்ற கவலை நான்காம் நூற்றாண்டிலேயே தபசுகாலத்துக்குள் நுழைந்துவிட்டது.

எருசலேமில் நிலைமை வேறு. சிறில் தம் தொடக்க உபதேசத்தில் மனந்திரும்புதலுக்கு நாற்பது நாள் அளிக்கப்பட்டிருப்பதை ஞானஸ்நானம் பெறவிருப்போருக்கு நினைவூட்டுகிறார். 381க்கும் 384க்கும் இடையில் அங்கே யாத்திரையாக வந்த எகேரியா என்னும் பெண்மணி, தம் ஊர்ச் சகோதரிகளுக்கு எழுதிய விவரத்தில் காட்சி முழுவதும் காணக்கிடைக்கிறது. அதன் பிரதி 1884இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. பெயர் கொடுத்த ஒவ்வொருவரும் அத்தியட்சர்முன் வந்து நிற்க, அவர் அக்கம்பக்கத்தாரை நோக்கி விசாரிக்கிறார்: இவர் நல்வாழ்க்கை நடத்துகிறாரா, பெற்றோரைக் கனம்பண்ணுகிறாரா, குடியரோ பொய்யரோ அல்லரா? பின்பு ஏழு வாரம் நாள்தோறும் மூன்று மணி நேரம் போதனை. விரும்புகிற விசுவாசிகளும் உடன் அமர்ந்து கேட்கின்றனர். சனி, ஞாயிறு நீக்கி எட்டு வார உபவாசம் நடக்கிறது. வாரம் முழுவதும் ஒன்றும் உண்ணாதவரும் உண்டு, அவ்வாறு இயலாதவரும் உண்டு. எவ்வளவு செய்யவேண்டும் என்று எவரும் விதிப்பதில்லை. மிகுதியாகச் செய்பவர் புகழப்படுவதுமில்லை, குறைவாகச் செய்பவர் பழிக்கப்படுவதுமில்லை என்று அவர் எழுதுகிறார். தபசுகாலத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் நாம் மிக விரும்பி வாசிப்பது இப்பகுதியே.

அந்தியோகியாவில் 387ஆம் ஆண்டுத் தபசுகாலம் ஒரு நகரத்தின் உயிர்ப் போராட்டமாக அமைந்தது. புதிய வரியொன்று அறிவிக்கப்பட்டதும் கலகம் மூண்டு, மக்கள் பேரரசர் தெயொதோசியுவின் சிலைகளையும் அவர் குடும்பத்தாரின் சிலைகளையும் கவிழ்த்து இழுத்துச் சென்றனர். இது இராஜத்துரோகம். கலகம் அடங்கியதும் பயம் பிடித்தது. பலர் காடுமேடுகளுக்கு ஓடினர். முதியவரான அத்தியட்சர் ஃபிளாவியான், மரணப்படுக்கையில் கிடந்த தம் ஒரே சகோதரியை விட்டு, பேரரசரிடம் மன்றாடக் கொன்ஸ்தாந்தினோப்பிளுக்குப் புறப்பட்டார். முந்தின ஆண்டுதான் மூப்பராக அபிஷேகம் பெற்ற யோவான் கிறிசொஸ்தோம், அஞ்சி நடுங்கிய மக்களுக்குப் பிரசங்கித்தார். ‘சிலைகளைப் பற்றிய பிரசங்கங்கள்’ என்று இருபத்தொன்று நமக்குக் கிடைத்துள்ளன. இறைச்சியை விலக்கிவிட்டுச் சகோதரனைக் கடித்துத் தின்பதை அவர் கண்டிக்கிறார். உண்டுவிட்டோமே என்று வெட்கி ஆலயத்துக்கு வராமல் நின்றவர்களை, உண்டவரும் வந்து கேட்கலாம் என்று அழைக்கிறார். உபவாசத்தில் பாதி கழிந்தது என்று மகிழ்ந்தவர்களிடம், பாவத்தில் பாதி கழிந்ததா என்று விசாரிக்கிறார்.

பேரரசரின் விசாரணை அதிகாரிகள் வந்திறங்கியபோது, தத்துவஞானிகள் நகரைவிட்டு மறைந்தனர் என்றும், மலைக்குகைகளில் வாழ்ந்த துறவியர் இறங்கிவந்தனர் என்றும் கிறிசொஸ்தோம் குறிக்கிறார். கல்வியறிவில்லாத மக்கெதோனியு என்னும் துறவி அதிகாரிகளை வழிமறித்து, வெண்கலச் சிலையை மீண்டும் வார்க்கலாம், கொல்லப்பட்ட மனிதனின் ஒரு மயிரையும் பேரரசரால் திரும்ப உண்டாக்கமுடியாது என்ற கருத்துப்பட வாதாடினார். அதிகாரிகள் தண்டனையை நிறுத்திவைத்து மீண்டும் பேரரசரிடம் ஆள் அனுப்ப இணங்கினர். ஃபிளாவியான் மன்னிப்போடு உயிர்த்தெழுதலின் பண்டிகைக்கு ஊர் திரும்பினார். ஆண்டெல்லாம் உபவாசித்த அந்த மலைவாசிகள், நகரத்துக்கு உபவாசம் தேவைப்பட்ட வேளையில் நகரத்துக்கு வந்தனர். தபசு என்ற சொல்லைத் தனித்திருத்தலோடு மட்டும் சேர்த்து எண்ணும் நமக்கு இது சிந்தனைக்குரியது.

ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோக்கிராத்தீஸ் என்னும் சரித்திராசிரியர், மூன்று வாரம், ஆறு வாரம், ஏழு வாரம் என வெவ்வேறு சபைகள் உபவாசித்தும் எல்லாம் அதை ‘நாற்பது’ என்றே அழைப்பது எப்படி என்று வியக்கிறார். சிலர் உயிருள்ளவற்றை முற்றும் விலக்குகின்றனர். சிலர் மீனை உண்கின்றனர். பறவையும் நீரிலிருந்து தோன்றியதாக மோசே சொல்லியிருப்பதால் வேறு சிலர் மீனோடு கோழியையும் சேர்த்துக்கொள்கின்றனர். எழுதப்பட்ட கட்டளை ஒருவரிடமும் இல்லாததால், அப்போஸ்தலர் இதை அவரவர் மனதுக்கே விட்டனர் என்பது அவருடைய முடிவு.

அச்சுயாதீனம் நிலைக்கவில்லை. கிறிஸ்தவ நாடுகளில் குழந்தை ஞானஸ்நானமே பொதுவழக்காகி, பஸ்காவுக்கு முன் பெயர் கொடுக்க வளர்ந்தவர் எவரும் இல்லாமற்போயினர். யாரோடு என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர் மறைந்ததும், எத்தனை நாள், என்ன உணவு என்பவை அவ்விடத்தை நிரப்பின. மகா கிரெகோரி (590-604) ஆறு வாரத்தில் ஞாயிறு நீக்கி முப்பத்தாறு நாளை ஆண்டின் தசமபாகமாக விளக்கினார். பிற்பாடு நாற்பதை நிறைவாக்க நான்கு நாள் முன்னே சேர்க்கப்பட்டது. சாம்பற் புதன் அவ்வாறு தொடக்கநாள் ஆயிற்று. விதி பெருகியபோது விலக்கும் பெருகிற்று. விலக்குக்கு விலையும் வந்தது. பிரான்சில் ரூவான் பேராலயத்தின் ஒரு கோபுரத்துக்கு ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்று பெயர். தபசுகாலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர் செலுத்திய பணத்தால் எழுந்தது அது. கட்டுமானம் 1485இல் தொடங்கியது. எர்மாவின் நூலில் விதவைக்குப் போன காசு இங்கே கல்லாக நின்றது.

இதற்கு மறுமொழி சூரிச் நகரில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுந்தது. 1522ஆம் ஆண்டு தபசுகாலத்தின் முதல் ஞாயிறன்று, கிறிஸ்தோஃப் ஃபுரோஷவர் என்னும் அச்சகத்தார் வீட்டில் சிலர் கூடி இறைச்சிப் பண்டத்தைப் பகிர்ந்து உண்டனர். உடனிருந்த சுவிங்லி உண்ணவில்லை. ஆயினும் இரண்டு வாரத்தில் அவர்களுக்காகப் பிரசங்கித்து, உணவைத் தெரிந்துகொள்ளும் சுயாதீனத்தைப் பற்றி நூலும் வெளியிட்டார். ஃபுரோஷவர் நகரசபைக்குக் கூறிய சமாதானத்தில் வேதசாஸ்திரத்தோடு வேலைப்பளுவும் கலந்திருந்தது. பிராங்க்பர்ட் சந்தைக்குப் புத்தகத்தை முடிக்க இரவும் பகலும் உழைக்கும் தொழிலாளர் கூழை மட்டும் குடித்து எப்படித் தாங்குவர் என்பது அவர் கேள்வி. உழைப்பாளியின் வயிற்றை எண்ணாத விதி ஒரு தொழிற்கூடத்தில் உடைந்தது பொருத்தமே. லுத்தர் உபவாசத்தைத் தள்ளவில்லை; 1529இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசத்தில் அதை நல்ல வெளிப்பழக்கமாகவே மதித்து, திருவிருந்துக்குப் பாத்திரவானாக்குவது விசுவாசமே என்றார். அவுக்ஸ்புர்க் அறிக்கையின் 26ஆம் பிரிவும் (1530) உபவாசத்தால் நீதியைச் சம்பாதிக்கலாம் என்பதையே மறுக்கிறது. இங்கிலாந்திலோ 1563இல் பாராளுமன்றம் புதன்கிழமையை மீன் நாளாக்கிச் சட்டம் செய்தது. மீன்பிடித் தொழிலும் கப்பற்படையும் செழிக்கவேண்டும் என்பதே நோக்கம். யாருக்காக உபவாசம் என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு விடை இருந்திருக்கிறது.

சீர்திருத்தத் தலைவர்கள் விதியை உடைத்தது சரியே. ஆயினும் விதிக்கு முன்பு அங்கே இருந்த துணையை மீட்டுத் தர அவர்களுக்கு வாய்ப்பில்லை. அவர்கள் சபைகளிலும் வளர்ந்தவர் ஞானஸ்நானத்துக்கு வருவது அரிது. இந்நிலையில் 1662ஆம் ஆண்டு ஜெபப்புத்தகம் நம் கவனத்துக்குரியது. வயதுவந்தோருக்கான ஞானஸ்நான முறை அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. தோட்டக் குடியேற்றங்களின் சுதேசிகளுக்கும் அது பயன்படும் என்று முகவுரை சொல்கிறது. நம் நாட்டுச் சபைகளில் ஆங்கிலிக்க மரபினவற்றுக்கு அம்முறை வந்துசேர்ந்தது. பெறவிருப்போர் ஜெபத்தாலும் உபவாசத்தாலும் தங்களை ஆயத்தப்படுத்திக்கொள்ளுமாறு புத்திசொல்லவேண்டும் என்று அதன் முற்குறிப்பு விதிக்கிறது. திதாகே சொன்ன மூவரில் ஒருவர் மட்டும் மிஞ்சியிருக்கிறார். கொடுப்பவரும் மற்றவர்களும் இல்லை.

ரோமச் சபையில் 1963இல் வெளியான வழிபாட்டுச் சாசனம், தபசுகாலத்துக்கு ஞானஸ்நானம், மனந்திரும்புதல் என்னும் இரட்டைத் தன்மை உண்டு என்று மீண்டும் உரைத்தது. எர்மாவின் கணக்கோ வேறு இடங்களில் உயிர்பெற்றது. இரட்சணிய சேனையில் 1886இல் ஒருவர் ஓராண்டுக்குத் தம் இனிப்புப் பண்டத்தை விட்டு அதன் விலையைக் கொடுக்க முன்வந்ததிலிருந்து தன்னலமறுப்பு வாரம் பிறந்தது. மிசோரத்துச் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய பிடியரிசிக் காணிக்கை புகழ்பெற்றது. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துவைக்கும் அவ்வழக்கம் தமிழ்ச் சபைகளும் அறிந்ததே.

வளர்ந்தவர் ஞானஸ்நானத்துக்கு வருவது நம் நாட்டில் நின்றுபோகவில்லை. பெரும்பாலும் தனியராகவே வருகின்றனர். வீட்டை இழந்து வருவோரும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஊழியம் செய்த ஒரு சபையில் வாலிபர் ஒருவர் அவ்வாறு வந்தார். அவருக்கு ஏழு மாதம் உபதேசித்தோம். தபசுகாலம் வரை காத்திருக்கவேண்டாமென்று, அனைவர்க்கும் வசதியான ஒரு ஜனவரி ஞாயிறைக் குறித்தோம். முறைநூல் சொல்லியபடி முந்தின நாள் உபவாசிக்க அவருக்குப் புத்தி சொன்னோம். அவர் அன்று மாலை ஆலயத்தில் தனியே முழங்காலில் இருந்தார் என்று கோயிற்பிள்ளை மறுநாள் சொல்லியே நமக்குத் தெரியும். அந்நேரம் நாம் சபையார் ஒருவர் வீட்டுத் திருமண விருந்தில் இலைமுன் அமர்ந்திருந்தோம். திதாகேயின் ஏழாம் அதிகாரத்தை அதற்கு முன்பே பலமுறை வாசித்திருந்தோம்.